குறைந்தது என்றால் எதிலிருந்து, எதோடு ஒப்பிட்டு? ஆய்வுகள் சொல்லும் விழுக்காடுகள் பற்றி

தெம்பனிஸ் வாசகர் | 5 ஜூலை 2025

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைத் தாங்கிய ஆண் கொசுக்களை விடுகிறார்கள்; அவற்றோடு சேரும் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரிக்காது என்கிறார்கள். அது பற்றிய அறிவிப்புகளில் ஏடிஸ் எஜிப்டி கொசுக்கள் 80 முதல் 90 விழுக்காடு வரை குறைந்தன என்றும், குடியிருப்பாளர்களுக்கு டெங்கி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தது என்றும் இருக்கிறது. கொசுதானே டெங்கியைப் பரப்புகிறது? இரண்டும் ஒரே அளவில் குறைய வேண்டாமா? தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகள் இது குறித்து அறிக்கை எழுதுகிறாள். எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு துறையும் தனக்கு வசதியான எண்ணைச் சொல்கிறது என்பதே என் கருத்து.

5 ஜூலை 2025, இரவு

தெம்பனிஸ் வாசகருக்கு என் பதில்: இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். அவை அளப்பது வெவ்வேறு பொருள்களை.

முதலில் கொசு. எங்கள் புளோக்கின் நடைவழியில் ஒரு கறுப்பு உருளை வைத்திருக்கிறார்கள். உங்கள் புளோக்கிலும் இருக்கக்கூடும். அதன் அடியில் வைக்கோல் ஊறிய நீர் நிற்கும், உட்சுவரில் பசைப் படலம் இருக்கும். முட்டையிட இடம் தேடி வரும் பெண் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். ஊழியர் வந்து ஒட்டியவற்றை எண்ணிச் செல்வார். ஒரு பொறிக்குச் சராசரியாக எத்தனை பெண் கொசுக்கள் சிக்கின என்பதுதான் தேசியச் சுற்றுப்புற வாரியம் கண்காணிக்கும் குறியீடு. ஆகவே கொசு 90 விழுக்காடு குறைந்தது என்பதை, முட்டையிடத் தேடி வந்து பொறியில் சிக்கும் கொசுக்களின் சராசரி அந்த அளவுக்குக் குறைந்தது என்று படிக்க வேண்டும். வட்டாரத்துக் கொசுக்களை யாரும் ஒன்றுவிடாமல் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது.

டெங்கியை மனிதர்களிடம் அளக்கிறார்கள். நோயாளியின் முகவரி தெம்பனிஸ் என்பதற்காக அவரைக் கடித்த கொசுவும் தெம்பனிஸ் கொசு என்று ஆகிவிடாது. பகலில் கடிக்கும் கொசு இது. பகலில் நாம் பள்ளியிலோ வேலையிடத்திலோ இருக்கிறோம். வீட்டைச் சுற்றிக் கொசு அறவே இல்லாமற்போனாலும் வெளியில் வாங்கிய கடிக்கு டெங்கி வரும். ஆகவே நோயின் குறைவு கொசுவின் குறைவைவிடச் சிறியதாக இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே.

6 ஜூலை 2025

யீஷூனிலிருந்து ஒருவர், கொசு விடுவதற்கு முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் ஒப்பிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறார். டெங்கியில் அது போதவே போதாது. சிங்கப்பூரில் 2020இல் 35,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. 2021இல் அந்த எண்ணிக்கை 5,000ஐச் சற்றே தாண்டியது. 85 விழுக்காடு வீழ்ச்சி! அந்த இடைவெளியில் யாராவது ஒரு மூலிகைச் சாற்றைத் தெளித்திருந்தால் அதற்கே முழுப் பெருமையும் போய்ச் சேர்ந்திருக்கும். 2022இல் எண்ணிக்கை மீண்டும் 32,000ஐத் தாண்டியது. பரவும் வைரஸ் வகை மாறுவதும், டெங்கி பெருமளவில் பரவிய பிறகு மக்களிடம் தற்காலிகமாகக் கூடும் எதிர்ப்பாற்றலும் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரும் காரணங்கள்.

அதனால்தான் கொசு விட்ட வட்டாரத்தை, அதே காலத்தில் கொசு விடாத வட்டாரத்தோடு ஒப்பிடுகிறார்கள். 75 விழுக்காடு என்பது சென்ற ஆண்டிலிருந்து குறைந்த அளவு அன்று. கொசு விடாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையிலிருந்து குறைந்த அளவு. அந்த நிலையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பக்கத்து வட்டாரங்களைக் கொண்டு கணித்ததுதான். ஓர் ஆய்வின் தரம் பெரும்பாலும் இந்தக் கணிப்பின் தரத்தில் தங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

9 ஜூலை 2025

வசதியான எண் என்ற கருத்துக்கு வருகிறேன். அந்தக் குற்றச்சாட்டில் முழு நியாயம் இருப்பது மருந்து ஆய்வுகளில்தான். மருத்துவ ஆய்வாளர்களுக்குத் தரவு சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் இதை நாள்தோறும் பார்க்கிறேன்.

1987இல் வெளிவந்த ஹெல்சிங்கி இதய ஆய்வை எடுத்துக்கொள்வோம். நடுத்தர வயது ஆண்களில் ஒரு பாதியினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில் மாத்திரையும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் ஐந்தாண்டுகள் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் ஆயிரத்துக்கு 41.4 பேருக்கும், மருந்து உண்டவர்களில் ஆயிரத்துக்கு 27.3 பேருக்கும் இதயப் பாதிப்பு ஏற்பட்டது. இதை 34 விழுக்காடு குறைவு என்று எழுதலாம். ஆயிரத்தில் 14 பேர் தப்பினார்கள் என்றும் எழுதலாம். ஏறத்தாழ 71 பேர் ஐந்தாண்டுகள் தவறாமல் மாத்திரை உண்டால் ஒருவருக்குப் பாதிப்பு தவிர்க்கப்படும் என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே தரவு. முதலாவதைப் படிப்பவர் உடனே மாத்திரை வாங்கப் புறப்படுவார். மூன்றாவதைப் படிப்பவர் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேட்பார். அதே ஆய்வில் மொத்த இறப்பு விகிதத்தில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேள்விகள் மூன்றாகும்.

மருத்துவச் சோதனைகளை அறிக்கையிடுவதற்கான கான்சார்ட் நெறிமுறை இதற்காகவே, ஒப்பீட்டுக் குறைவையும் (மேலே 34 விழுக்காடு) நேரடிக் குறைவையும் (மேலே ஆயிரத்தில் 14) சேர்த்தே தர வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. கட்டுரையின் உள்ளே இரண்டும் இருந்தாலும் சுருக்கத்திலும் செய்தியிலும் ஒப்பீட்டு எண் மட்டும் ஏறிவிடுவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

9 ஜூலை 2025, பின்னிரவு

மேலே எழுதியதைப் படிப்பவர், நேரடிக் குறைவுதான் நேர்மையானது, ஒப்பீட்டுக் குறைவு ஏமாற்று என்று முடிவுகட்டிவிடக்கூடும். அப்படியன்று. 2020 இறுதியில் வெளியான ஃபைசர் கோவிட் தடுப்பூசிச் சோதனையில் ஊசி போட்ட ஏறத்தாழ 18,000 பேரில் 8 பேருக்கும், வெற்று ஊசி போட்ட ஏறத்தாழ 18,000 பேரில் 162 பேருக்கும் நோய் வந்தது. ஒப்பீட்டில் 95 விழுக்காடு குறைவு; நேரடியாகப் பார்த்தால் ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்கும் கீழே. அந்தச் சிறிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, தடுப்பூசியால் ஒரு விழுக்காடுகூடப் பயனில்லை என்று பலர் பரப்பினார்கள். சோதனை நடந்த சில மாதங்களில், அந்த இடங்களில், எவ்வளவு தொற்று பரவியிருந்ததோ அதைப் பொறுத்துதான் நேரடிக் குறைவு அமையும்; தொற்று பெருகினால் அதுவும் பெருகும். ஒப்பீட்டுக் குறைவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓரளவு மாறாமல் பயணம் செய்யும். ஆகவே மருந்தின் ஆற்றலை அறிய ஒன்று, எனக்கு அது வேண்டுமா என்று முடிவெடுக்க மற்றொன்று.

10 ஜூலை 2025

நீரிழிவு மருத்துவத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. என் மாமியாரின் எச்பிஏ1சி அளவு (கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) 8.4இலிருந்து 7.6க்கு இறங்கியபோது, பலதுறை மருந்தகத் தாதி 0.8 விழுக்காடு குறைந்திருக்கிறது என்றார். அவர் சொன்னது சரி; துறையின் வழக்கம் அது. ஆனால் அந்த அளவே விழுக்காட்டில் இருப்பதால், குறைந்தது 0.8 விழுக்காட்டுப் புள்ளி. தொடக்க அளவோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 9.5 விழுக்காடு. மாமியாருக்கு 0.8 என்பது மிகச் சிறியதாகத் தோன்றி மனம் தளர்ந்துவிட்டது. அது கணிசமான முன்னேற்றம் என்று புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று.

1998இல் வெளியான பிரிட்டிஷ் நீரிழிவு ஆய்வில் தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி 7.0 ஆகவும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 7.9 ஆகவும் இருந்தது. புள்ளிக் கணக்கில் 0.9. கட்டுரை அதை 11 விழுக்காடு வேறுபாடு என்று எழுதியது. இரு முனைகளையும், 7.9ஐயும் 7.0ஐயும், அதே வாக்கியத்தில் தந்திருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. பல நாடுகள் இப்போது இதே அளவை மில்லிமோல் கணக்கில் எழுதுகின்றன, 7.0 விழுக்காடு என்பது அதில் 53. அலகு மாறினால் இந்தச் சிக்கல் தானாக மறைகிறது.

14 ஜூலை 2025

விழுக்காட்டையே கைவிட்ட துறை ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று சில நாட்களாகவே நினைத்திருந்தேன். இப்போதைய வேலைக்கு முன் நீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருந்தேன். அங்கே யாரும் கிருமி 99 விழுக்காடு அழிந்தது என்று பேசுவதில்லை. இரண்டு லாக் இறங்கியது என்பார்கள். பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஒரு லாக், நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் இரண்டு, பத்தாயிரத்தில் ஒரு பங்கானால் நான்கு. அமெரிக்காவின் 1989ஆம் ஆண்டு மேற்பரப்பு நீர் விதி, வைரஸுக்கு நான்கு லாக் குறைப்பையும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு மூன்று லாக் குறைப்பையும் கேட்டது.

காரணம் எளிது. 99 விழுக்காடும் 99.99 விழுக்காடும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மில்லியன் கிருமிகளில் தொடங்கினால் முதலாவதில் 10,000 எஞ்சும், இரண்டாவதில் 100 எஞ்சும். குடிப்பவருக்கு நோய் தருவது எஞ்சியதுதான். மேலும், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் சிங்கப்பூரின் நியூவாட்டர் போல நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புறஊதா ஒளி என்று அடுத்தடுத்துப் படிகள் உள்ள ஆலையில் ஒவ்வொரு படியின் லாக்கையும் கூட்டினால் மொத்தம் வந்துவிடும். விழுக்காடுகளை அப்படிக் கூட்ட முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. நீர் மாதிரியைப் படிப்படியாகப் பத்து மடங்கு நீர்த்து, ஊட்டத் தட்டில் பரப்பி, இரவு முழுதும் வெப்பப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும் கூட்டங்களைத் தட்டின் அடிப்பக்கத்தில் மசிப்பேனாவால் குறியிட்டுக்கொண்டே எண்ணுவோம். முந்நூறுக்கு மேல் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டி எண்ண வராது; முப்பதுக்குக் கீழே இருந்தால் எண்ணை நம்ப முடியாது. சுத்திகரித்த பிறகு தட்டில் ஒன்றுமே முளைக்காவிட்டால்? பூஜ்யம் என்று எழுதக்கூடாது. கண்டறியும் எல்லைக்குக் கீழே என்றுதான் எழுத வேண்டும். ஆலைக்குள் வந்த நீரிலேயே லிட்டருக்கு நூறு கிருமிதான் இருந்தது, வெளியேறிய நீரில் லிட்டருக்கு ஒன்று இருந்தாலே கண்டறிய முடியும் என்றால், இரண்டு லாக்குக்கு மேல் யாராலும் மெய்ப்பிக்க முடியாது. ஆலை உண்மையில் ஆறு லாக் குறைக்கும் ஆற்றல் உடையதாகவே இருக்கட்டும். அதனால்தான் எம்எஸ்2 என்ற தீங்கற்ற வைரஸைப் பெருமளவில் உள்ளே விட்டுச் சோதிக்கிறார்கள். தொடக்கம் உயரமாக இருந்தால்தான் பெரிய வீழ்ச்சியைக் காட்ட முடியும்.

15 ஜூலை 2025

ஒரு சிறு சேர்க்கை. கதிரியக்கத்தில் அரை ஆயுள் என்று சொல்வதும் இதே குடும்பம்தான். அயோடின்-131க்கு எட்டு நாள், சீசியம்-137க்கு முப்பது ஆண்டு. எவ்வளவில் தொடங்கினாலும் பாதியாகும் காலம் மாறாது என்பதால் அந்த ஒரே எண் போதும். இரத்தத்தில் உள்ள மதுவுக்கு இந்த முறை பொருந்தாது. கல்லீரல் அதை மணிக்கு ஏறத்தாழ ஒரே அளவாகக் கழிப்பதால், அங்கே குறைவை விகிதமாகச் சொன்னால் பிழையாகிவிடும். எந்த முறையில் குறைவைச் சொல்வது என்பதை முதலில் அந்தப் பொருள் குறையும் விதமே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு துறையும் வேறு எண் சொல்வதற்கு வசதி மட்டும் காரணமன்று என்று நான் கருதுவது இதனால்தான்.

20 ஜூலை 2025

உயிரினங்களின் வீழ்ச்சி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இங்கே எண்கள் பெரியவை, கவலை நியாயமானது, ஆனாலும் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய இடம்.

2017இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பறக்கும் பூச்சிகள் 27 ஆண்டுகளில் 76 விழுக்காடு குறைந்தன என்றது. குறைந்தது எண்ணிக்கை அன்று, எடை. கூடாரம் போன்ற வலைப் பொறிகளில் சிக்கிச் சாராயக் குப்பியில் விழுந்த பூச்சிகளை, சாராயம் வடிந்து சொட்டு நின்றுவரும் வரை காத்திருந்து, ஈரத்தோடு நிறுத்தார்கள். பெரிய வண்டுகள் சில குறைந்தாலும், சிறு கொசுக்கள் ஏராளமாகக் குறைந்தாலும் தராசு ஒரே முள்ளைக் காட்டும். ஆய்வு செய்த 63 இடங்களில் பலவற்றில் ஓராண்டு மட்டுமே பொறி வைத்திருந்தார்கள் என்பதால் அதே இடத்தின் முன்பின் ஒப்பீடாகவும் அது அமையவில்லை; புள்ளியியல் மாதிரியைக் கொண்டு கோத்த முடிவு அது. பின்னர் 2020இல் உலகின் பல பகுதிகளிலிருந்து நீண்ட காலத் தரவுகளைத் திரட்டிய ஆய்வு, நிலத்துப் பூச்சிகள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகின்றன, நன்னீர்ப் பூச்சிகள் 11 விழுக்காடு கூடுகின்றன என்றது. பத்தாண்டுக்கு 9 என்றால் முப்பதாண்டுக்கு 27 அன்று. ஒவ்வொரு முறையும் எஞ்சியதிலிருந்து குறைவதால் 24க்கும் 25க்கும் இடைப்பட்டதுதான்.

இன்னும் நுட்பமானது, முதுகெலும்புள்ள காட்டு விலங்குகளின் கூட்டங்களைக் கண்காணிக்கும் லிவிங் பிளானட் குறியீடு. 1970இலிருந்து 2020 வரை 73 விழுக்காடு வீழ்ச்சி என்று 2024 அறிக்கை சொன்னதும், உலகில் நான்கில் மூன்று விலங்கு அழிந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். அந்தக் குறியீடு விலங்குகளைக் கூட்டிக் கழிப்பதில்லை. கண்காணிக்கப்படும் ஒவ்வொரு கூட்டமும் எத்தனை மடங்கு மாறியது என்பதன் பெருக்குச் சராசரி அது. ஒரு கூட்டத்தில் 1,000 விலங்கு 900 ஆகிறது, மற்றொன்றில் 20 விலங்கு 2 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தைப் பார்த்தால் 1,020 விலங்கு 902 ஆகியிருக்கிறது, 12 விழுக்காடு குறைவு. பெருக்குச் சராசரிப்படி (0.9ஐயும் 0.1ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.3) 70 விழுக்காடு குறைவு. சிறிய கூட்டத்தின் அழிவைப் பெரிய கூட்டம் மூடி மறைக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இப்படிக் கணக்கிடுகிறார்கள். அந்த நோக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் 2020இல் நேச்சர் இதழில் வந்த மறு ஆய்வு, கடுமையாக வீழ்ந்த 3 விழுக்காட்டுக்கும் குறைவான கூட்டங்களே சராசரியைக் கீழே இழுத்தன என்று காட்டியது. எந்தக் கூட்டங்கள் அழிகின்றன என்று தேடிப்போய்க் காப்பாற்ற அந்தச் செய்திதான் உதவும்.

22 ஜூலை 2025

நம் தீவைப் பற்றிய எண்களைச் சேர்க்காமல் மேலே உள்ளது நிறைவு பெறாது. 2003இல் புரூக், சோதி, இங் ஆகிய மூவரும் நேச்சரில் எழுதிய கட்டுரை, சிங்கப்பூரின் காடு 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்ததையும், பதிவான உயிரினங்களில் குறைந்தது 28 விழுக்காடு மறைந்ததையும் காட்டி, உண்மையான இழப்பு 73 விழுக்காடு வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2023இல் வந்த மற்றோர் ஆய்வு 37 விழுக்காடு என்றது; 31 முதல் 42 வரை இருக்கக்கூடும் என்றும் சேர்த்துக்கொண்டது.

ஒரே தீவு, மூன்று எண். வேறுபாடு எங்கே என்றால், யாரும் பதிவு செய்வதற்கு முன்பே மறைந்துபோன உயிரினங்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதில். 28 என்பது அவற்றைச் சேர்க்கவே இல்லை. 73 என்பது, தீபகற்ப மலேசியாவில் இருப்பவை இங்கும் ஒரு காலத்தில் இருந்திருக்கும் என்ற அனுமானத்திலிருந்து வந்தது. 37 என்பது, கண்டுபிடிப்புகளும் மறைவுகளும் காலப்போக்கில் நிகழ்ந்த வேகத்தைக் கொண்டு, கண்ணில் படாமலே போனவற்றைக் கணித்தது. புக்கிட் தீமா காட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வகுக்கும் எண்தான் நினைவுக்கு வருகிறது. மேலே இருக்கும் எண்ணை ஓரளவு எண்ணிவிடலாம். கீழே இருக்கும் எண், 1819இல் பிரிட்டிஷார் வருவதற்கு முன் இங்கே என்னவெல்லாம் இருந்தன என்பது, யாரும் எழுதிவைக்காதது.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் சுட்டிக்காட்டியதும் இதனோடு சேர்ந்ததே: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் பணியைத் தொடங்கிய காலத்தில் இருந்த அளவையே இயல்பு நிலை என்று கொள்வதால், அதற்கு முன் நடந்த வீழ்ச்சி கணக்கில் வராமலே போகிறது.

27 ஜூலை 2025

ஒப்பிடும் அடிப்படை நிலை மாறினால் எண் மாறும் என்பதற்கு உள்ளூர்ச் சான்று கேட்டவருக்கு: சிங்கப்பூரின் கரிம வெளியேற்றக் கடப்பாடுகளை வரிசையாகப் பாருங்கள். 2009இல் சொன்னது, எதுவும் செய்யாவிட்டால் 2020இல் இருந்திருக்கும் அளவைவிட 16 விழுக்காடு குறைவு. 2015இல் சொன்னது, பொருளாதாரத்தின் ஒவ்வொரு வெள்ளிக்கும் வெளியேறும் அளவை 2030க்குள் 2005ஆம் ஆண்டு நிலையிலிருந்து 36 விழுக்காடு குறைப்பது. இவ்விரண்டு இலக்குகளையும் அடைந்துகொண்டே மொத்த வெளியேற்றம் கூடிப்போகவும் முடியும். இப்போதைய இலக்கு நேரடியானது: 2030இல் 60 மில்லியன் டன், 2035இல் 45 முதல் 50 மில்லியன் டன். இதில் விழுக்காடே இல்லை, எந்த ஆண்டோடு ஒப்பிட்டது என்ற கேள்வியும் எழாது. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

2 ஆகஸ்ட் 2025

6 ஜூலை குறிப்போடு சேர வேண்டிய ஒன்று. இரத்த அழுத்தம் மிக உயர்ந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்தால், எந்தச் சிகிச்சையும் தராமலே சராசரி இறங்கியிருக்கும். அன்று தற்செயலாக உயர்ந்திருந்த பலர் தங்கள் வழக்கமான அளவுக்குத் திரும்பியிருப்பார்கள். பிரிட்டிஷ் அறிஞர் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரங்களில் கண்டு எழுதிய அதே நிகழ்வு. டெங்கி அதிகமாக இருந்த வட்டாரத்தை மட்டும் தேர்ந்து கொசு விட்டாலும் இதே தோற்றம் வரும். ஒப்பீட்டுக் குழு இல்லாத குறைவு எதையும் நான் என் மேசையில் ஏற்பதில்லை.

3 ஆகஸ்ட் 2025

மகளின் அறிக்கைக்கு: இரண்டு எண்களையும் எழுதட்டும், ஒவ்வொன்றையும் அது அளக்கும் பொருளோடும் ஒப்பிடும் இடத்தோடும் சேர்த்து. பொறியில் சிக்கும் பெண் ஏடிஸ் எஜிப்டியின் சராசரி இவ்வளவு குறைந்தது; கொசு விடாத வட்டாரங்களோடு ஒப்பிட, ஓராண்டாவது கொசு விட்ட வட்டாரங்களில் வசிப்போருக்கு டெங்கி வரும் வாய்ப்பு இவ்வளவு குறைந்தது. இப்படி எழுதினால் ஆசிரியருக்கு அது முரண்பாடாகத் தோன்றாது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் வோல்பாக்கியா கொசுக்களை விட்டு நடத்திய ஆய்வையும் சேர்க்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை. 2021இல் வெளியான அந்த ஆய்வின் 77.1 விழுக்காட்டை நம் 75க்குப் பக்கத்தில் வைத்து ஒன்றுபோலப் பேசக்கூடாது. அங்கே வோல்பாக்கியா உள்ள ஆண், பெண் கொசுக்களை விட்டு, உள்ளூர்க் கொசுக்களையே அந்த வகையாக மாற்றினார்கள். இங்கே ஆண் கொசுக்களை மட்டும் விட்டுக் கொசு இனத்தைக் குறைக்கிறார்கள். அங்கே காய்ச்சலோடு மருந்தகத்துக்கு வந்தவர்களில் டெங்கி உறுதியானவர்களையும் டெங்கி இல்லாதவர்களையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டார்கள்: கொசு விட்ட பகுதிகளைச் சேர்ந்த 2,905 பேரில் 67 பேருக்கும், விடாத பகுதிகளைச் சேர்ந்த 3,401 பேரில் 318 பேருக்கும் டெங்கி. 77.1ஐ எழுதும் இடத்தில் அதன் எல்லைகளையும், 65.3 முதல் 84.9 வரை என்று, அதே வரியில் எழுதச் சொல்லுங்கள்.